சோதிலிங்கம் பேசாமல் நின்ற பெனால்டி

நியூசிலாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் கார் ஓட்டப் பழகிய தமிழர்கள் பலருக்கு, லைசென்ஸ் எடுத்துப் பல வருடங்கள் ஆன பிறகும் காருக்குள் ஒரு குரல் கேட்கும். "கண்ணாடியைப் பார். இண்டிகேட்டர் போடு. தோளுக்கு மேலால ஒருக்காத் திரும்பிப் பார். இப்ப மெல்ல, மெல்ல." அது சோதிலிங்கத்தின் குரல். பயிற்சிக் காரில் அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்தது அபூர்வம். வாயாலேயே காரை நிறுத்திவிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதல் வேலை புக்கெகோஹியில், காய்கறி பொதி செய்யும் கொட்டகையில். வெங்காயம் தரம் பிரிக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசிக் குரல் தடித்தது. அங்கே கூட வேலை செய்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வெங்காயத்தைவிட மனிதர்கள் சொன்னதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

கோயிலில் மைக் அவரிடம்தான். வாசலை மறித்து நிற்கும் வெள்ளை டொயோட்டாவின் சொந்தக்காரர் உடனே வரவும் என்று மற்றவர்கள் அறிவித்தால் அதோடு முடிந்துவிடும். சோதிலிங்கம் முடிக்க மாட்டார். அந்தக் கார் எந்தக் கோணத்தில் நிற்கிறது, ஸ்டியரிங்கை எந்த இடத்தில் ஒடித்திருக்க வேண்டும், பின்னால் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் வரும். அதற்குள் வெள்ளை டொயோட்டா வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் சாவியோடு வாசலில் கூடிவிடுவார்கள்.

அவருடைய ஒரே மகள் பிரணவி மட்டும் அவரிடம் கார் ஓட்டப் பழகவில்லை. மணிக்கு இரண்டு வார்த்தை பேசும் ஒரு சீனரிடம் போய்ப் பழகினாள். சோதிலிங்கம் அதை வெளியே சொல்வதில்லை.

பிரணவி ரீமு கல்லூரியில் கணக்கியல் படித்தாள். கல்லூரி மகளிர் கால்பந்து அணியில் இடதுபக்கத் தடுப்பாட்டம். வீட்டில் அவளுடைய பேச்சு பெரும்பாலும் மூன்று சொற்களுக்குள் அடங்கும். "இண்டைக்கு எப்பிடிப் பிள்ளை?" என்றால் "ஃபைன்." "சாப்பிட்டியோ?" என்றால் "யா." மற்ற எல்லாவற்றுக்கும் "டன்னோ," தெரியாது என்பதற்கு. நாள் முழுக்கப் பேசிவிட்டு வரும் மனிதருக்கு அந்த மூன்று சொல்லும் வீட்டில் பெரிய பட்டினியாக இருந்தது.

அந்த வருடம் செப்டெம்பரில், வடக்கு வட்டாரக் கல்லூரிகளின் மகளிர் கால்பந்துக் கோப்பைத் தொடர் ரீமு கல்லூரி மைதானத்தில் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடந்தது. அதற்கு முதல்நாள் வியாழக்கிழமை மாலை பிரணவியின் அணி சோதிலிங்கத்தின் வீட்டில் கூடியது. பயிற்சியாளர் மெல், சாப்பாட்டு மேசையில் சோதிலிங்கத்தின் மனைவி ரதிதேவி சுட்டு வைத்த உளுந்து வடைகளை ஆட்டக்காரர்களாக அடுக்கி, கார்னர் கிக் திட்டத்தை விளக்கினாள். அணித்தலைவி இரண்டு கையையும் தூக்கினால் பந்து கோலின் கிட்டத்துக் கம்பத்துக்கு வரும். ஒரு கையைத் தூக்கினால் தூரத்துக் கம்பத்துக்குப் போகும். சட்னி கொண்டுவந்து வைத்த சோதிலிங்கம் அங்கேயே நின்று கேட்டார். வடையை வைத்து விளக்கியதால் அவருக்கு நன்றாக மனதில் பதிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஆட்டம் பார்க்கத்தான் போனார். தொடரை நடத்தும் பொறுப்பில் இருந்தவள் தேவதர்ஷினி. கோயம்புத்தூர்ப் பெண், கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் சோதிலிங்கத்திடம்தான் லைசென்ஸ் எடுத்தாள். இணைய நேரலைக்கு வர்ணனை செய்ய வேண்டிய மாணவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பேச யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிப் பார்த்தவள் கண்ணில் சோதிலிங்கம் பட்டார்.

"அங்கிள், உங்களுக்கு ஃபுட்பால் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கதைப்பன்."

"அது போதும் அங்கிள். ஆட்டம் முடியிற வரைக்கும் சைலன்ஸ் மட்டும் விழக்கூடாது. ஆனா ஒரு சிக்கல். நேரலைக்குப் போற மைக்கும் மைதான ஸ்பீக்கரும் ஒண்ணாவே ஓடுது. அதைப் பிரிக்கத் தெரிஞ்சவர் லீவுல இருக்காரு. நீங்க பேசுறது எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்," என்றார் சோதிலிங்கம். அதில் என்ன சிக்கல் என்று அவருக்கு விளங்கவில்லை.

முதல் ஆட்டம் ரீமு கல்லூரிக்கும் ஹார்பர்வியூ கல்லூரிக்கும். சோதிலிங்கம் ஆங்கிலத்தில்தான் வர்ணித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எட்டாம் இலக்கம் கண்ணாடி பாராமல் இடப்பக்கம் திரும்புகிறார். பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார். நான் நினைத்தபடியே மோதிவிட்டார்கள். இதில் பிழை திரும்பியவருடையது. நடுவர் விசில் அடிக்கிறார், சரியான முடிவு." ஆஃப்சைடை அவர் அரை மணி நேரத்தில் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார். பந்து புறப்படும் முன்பே ஆள் புறப்பட்டால் அது சிவப்பு விளக்கில் புறப்படுவது மாதிரி. கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபோது, "பாதுகாப்பாகப் பார்க் செய்துவிட்டார், ஹேண்ட்பிரேக்கும் போட்டாயிற்று" என்றார். புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். இன்வர்கார்கிலில் இருந்து நேரலை பார்த்த யாரோ ஒரு தாத்தா, இந்த மனிதரை மாற்ற வேண்டாம் என்று எழுதினாராம்.

அப்போது ரீமுவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அணித்தலைவி இரண்டு கையையும் தூக்கினாள்.

"தலைவி இரண்டு கையும் தூக்கிவிட்டார்," என்றது ஸ்பீக்கர். "ஆகவே பந்து கிட்டத்துக் கம்பத்துக்கு வரும். எல்லாரும் தயாராக இருக்கவும்."

எல்லாரும் தயாரானார்கள். முக்கியமாக ஹார்பர்வியூ கல்லூரி தயாரானது. பந்து வந்த இடத்தில் அவர்கள் ஐந்து பேர் காத்திருந்தார்கள். அடுத்த கார்னரிலும் அதுவே. அதற்கடுத்த கார்னருக்கு அணித்தலைவி கையைத் தூக்காமல் சோதிலிங்கத்தைப் பார்த்தாள். "இம்முறை கை தூக்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு கை என்றால் தூரம், இரண்டு கை என்றால் கிட்ட," என்று அவர் நினைவூட்டினார்.

ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. பிரணவி சேற்றுக் காலோடு நேராக மைக் மேசைக்கு வந்தாள். வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாதவள் ஒரு முழு வாக்கியம் பேசினாள். அதுவும் தமிழில்.

"அப்பா, நீங்கள் எங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?"

சோதிலிங்கம் மைக்கைக் கீழே வைத்தார். "மைக் பிடிச்சவனுக்குப் பக்கம் இல்லைப் பிள்ளை. கண்டதைச் சொல்ல வேணும். தெரிஞ்சதைச் சொல்ல வேணும். அதுதான் நியாயம்."

பிரணவி அதை ஆங்கிலத்தில் மெல்லிடம் போய்ச் சொன்னாள், அப்பா திருந்த மாட்டார் என்ற பொருளில். மெல் கோபப்படவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டு, மைக் மேசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை ரீமுவின் ஆட்டம், ஸ்பீக்கர் சத்தம் எட்டாத இரண்டாம் மைதானத்தில் நடந்தது. நன்றாக வென்று இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். முதல் மைதானத்தில் ஹார்பர்வியூவும் வென்றது. ஞாயிறன்று மறுபடியும் அதே இரண்டு அணிகள்.

அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ஒரு அதிசயம் நடந்தது. பிரணவி போனைத் தூர வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தோசையைப் பிய்த்தபடி கதைக்கத் தொடங்கினாள். முழங்கால் நோகிறது என்றாள். முன்பு கூடவே திரிந்த ஒரு தோழியோடு இப்போது பேச்சு இல்லை என்றாள். கணக்கியல் பிடிக்கவில்லை, அடுத்த வருடத்திலிருந்து பிசியோதெரபிக்கு மாறப்போகிறேன், விண்ணப்பம் போட்டாயிற்று என்றாள். பிறகு, மெல் சைகைகளை மாற்றிவிட்டாள் என்றாள். தலைவி தலைமுடியைத் தொட்டால் பந்து கிட்டத்துக்கு வரும், காலுறையை இழுத்துவிட்டால் தூரத்துக்குப் போகும்.

"முடி எண்டால் கிட்ட. காலுறை எண்டால் தூரம்," என்று சோதிலிங்கம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மகள் தன்னோடு கதைக்கிறாள் என்ற சந்தோசத்தில் அவருக்குத் தோசை இறங்கவில்லை. கணக்கியலும் பிசியோதெரபியும் அவர் காதுவரை வந்து, உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டன. "நல்லது பிள்ளை, நல்லது," என்று தலையாட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம் போனார். "ரதி, பிள்ளை என்னை நம்பிச் சொல்லியிருக்குது. நாளைக்கு நான் அதைச் சொல்லப் போறேல்லை."

"பாப்பம்," என்றாள் ரதிதேவி.

ஞாயிற்றுக்கிழமை மேற்கிலிருந்து மழை வருவதும் வெயில் வருவதுமாக இருந்தது. சாசேஜ் வாட்டும் மேசையிலிருந்து வெங்காய வாசனை மைதானம் முழுக்கப் பரவியது. ஹார்பர்வியூவின் பயிற்சியாளர் ஒரு மாற்று ஆட்டக்காரியைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்குக் கீழேயே உட்கார வைத்திருந்தார். மழையில் மற்றவர்களுக்குக் காது கேட்காமல் போனால், ஸ்பீக்கர் சொல்வதைக் கைச்சைகையில் காட்டுவதற்காம்.

ரீமுவுக்கு முதல் கார்னர். தலைவி தலைமுடியைத் தொட்டாள். சோதிலிங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசினார். மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் எவ்வளவு கூடும் என்று விளக்கினார். கார்னர் வீணாகப் போனது. மெல் தன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

இரண்டாவது கார்னரில் தலைவி மறுபடியும் தலைமுடியைத் தொட்டாள். இம்முறை அவசரமே இல்லாமல், கூந்தலை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டினாள். தெரிந்த விஷயம் தொண்டைக்குள் நிற்பது சோதிலிங்கத்துக்கு மீன்முள் நிற்பது மாதிரி. அவர் இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு ஸ்பீக்கரில் வெகு மெதுவாக, "தலைமுடி," என்று வந்தது. "தலைமுடி என்றால் கிட்டத்துக் கம்பம் என்று நான் சொல்லக்கூடாது."

ஹார்பர்வியூவின் பெண்கள் மொத்தமாகக் கிட்டத்துக் கம்பத்துக்கு ஓடினார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலாக, நிதானமாக, தூரத்துக் கம்பத்துக்குப் போனது. அங்கே பிரணவியைத் தவிர யாருமில்லை. அவள் தலையால் முட்டி கோல் போட்டாள். அணியில் சேர்ந்த பிறகு அவள் போட்ட முதல் கோல்.

சோதிலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "பந்து வழி தவறிவிட்டது," என்றார் சந்தோசமும் குழப்பமுமாக. "ஆனாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது."

அதற்குப் பிறகு ஹார்பர்வியூ அவர் சொன்ன எதையும் நம்பவில்லை. ஸ்பீக்கருக்குக் கீழே இருந்த பெண்ணை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். நம்பாமல் விட்டதும் நன்றாக ஆடினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்திலும் ஒன்றும் ஆகவில்லை. பெனால்டி.

மாறி மாறி உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் சோதிலிங்கம் பேசினார். ஓடி வரும் வேகம், பாதத்தின் கோணம், கோல்கீப்பரின் பதற்றம் எல்லாம் சொன்னார். நடுவர் ஒருமுறை திரும்பி முறைத்தார். அது தன்னை உற்சாகப்படுத்துவதாக இவர் எடுத்துக்கொண்டார். கடைசியில் ரீமுவுக்கு ஒரு உதை மிச்சம். போட்டால் கோப்பை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவள் பிரணவி.

பிரணவி எந்தப் பக்கம் உதைப்பாள் என்று சோதிலிங்கத்துக்குத் தெரியும். சைகையால் தெரிந்ததல்ல. வீட்டில் கராஜ் கதவைக் கோலாக வைத்துச் சின்ன வயதிலிருந்து உதைத்துப் பழகியவள் அவள். கதவின் வலப்பக்கம் முழுக்க நெளிந்து கிடக்கிறது. இடப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்தால் கராஜ் கதவு வெளியே வந்துவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மேசையில் ரதிதேவி கட்டிக்கொடுத்த வடைப் பொட்டலம் இருந்தது. அவர் ஒரு முழு வடையை எடுத்து வாயில் அடைத்தார். போதாதென்று இன்னொன்றில் பாதியையும் அடைத்தார். இரண்டு கைகளாலும் மைக்கைத் தூர நகர்த்தினார்.

மூன்று நாளாக ஓயாமல் வந்துகொண்டிருந்த குரல் நின்றது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் மட்டும். பாய் விரித்திருந்தவர்கள் திரும்பினார்கள். சாசேஜ் வாட்டியவர் இடுக்கியோடு திரும்பினார். நேரலையில் யாரோ, அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டதா, யாராவது போய்ப் பாருங்கள் என்று எழுதினார்கள். நடுவர் விசில் அடித்துவிட்டார். பிரணவி ஓடி வந்தாள். ஹார்பர்வியூவின் கோல்கீப்பர் ஹானா, நல்ல மனசுள்ள பெண், தாங்க முடியாமல் தலையைத் திருப்பி மைக் மேசையைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் வீங்கி, கண் பிதுங்க ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

பந்து அவளுக்குப் பின்னால் வலப்பக்கமாக உள்ளே போனது.

ரீமுவின் பெண்கள் சேற்றில் விழுந்து புரண்டார்கள். ஹார்பர்வியூவின் பயிற்சியாளர் நேராக தேவதர்ஷினியிடம் போய் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தார். அறிவிப்பாளர் பேசாமல் இருந்து ஆட்டத்துக்கு இடையூறு செய்தார் என்பது புகார்.

போட்டிக் குழுவில் மூன்று பேர். உடைமாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோப்பை வெளியே ஒரு பிளாஸ்டிக் மேசையில் மழையில் நனைந்தது. சோதிலிங்கத்தை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அங்கிள், நீங்க ஏன் பேசல?" என்று தேவதர்ஷினி மிகவும் பரிதாபமாகக் கேட்டாள். "பேசிக்கிட்டே இருங்கன்னுதானே சொன்னேன்."

"பிள்ளை, எனக்கு விடை தெரியும். கதைச்சால் வெளியில வந்திடும். அதுதான் வடையைப் போட்டன்."

அவள் அதை மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். வடை என்ன என்பதை விளக்க நேரமானது. மிச்சமிருந்த பாதி வடையைச் சாட்சியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். குழுவில் இருந்த பழைய நடுவர் ஒருவர் அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார். பேசாமல் இருப்பது குற்றம் என்றால் நியூசிலாந்தில் பாதி ஆண்களை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். கோல் செல்லும்.

கோப்பை வாங்கிப் படம் எடுத்து எல்லாம் முடிந்தது. கார் நிறுத்துமிடத்தில் மெல் வந்து சோதிலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நீங்கள் இல்லாமல் அந்த முதல் கோல் வந்திருக்காது, மிகப் பிரமாதமாகச் செய்தீர்கள் என்றாள். கையைக் குலுக்கி முடிப்பதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முடி என்றால் தூரம். காலுறை என்றால் கிட்ட. சனிக்கிழமைச் சாப்பாட்டில் மகள் சொன்னது தூண்டில்.

வீட்டுக்குப் போகும்போது பிரணவி ஓட்டினாள். சோதிலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இண்டிகேட்டர் போடாமல் ஒரு இடத்தில் திரும்பினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காரை ஓரமாக நிறுத்தினாள்.

"அப்பா, சொறி."

"அப்ப நேற்று நீ என்னோட கதைச்சது முழுக்கப் பொய்யோ பிள்ளை?"

"இல்லை. கார்னர் மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் உண்மை."

"மற்றது என்ன?"

பிரணவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ரதிதேவி கோப்பையை மடியில் சரிசெய்துகொண்டு, "பிள்ளை கணக்கியலை விடுகுது. நீங்கள்தானே நல்லது, நல்லது எண்டு சொன்னீங்கள்," என்றாள்.

சோதிலிங்கம் கோபப்படலாமா என்று யோசித்தார். ஆனால் வாக்கைக் கொடுத்துவிட்டார். தவிர, அவள் சொன்னபோது அவருக்கு உண்மையாகவே எல்லாம் நல்லதாகத்தான் பட்டது.

"முழங்கால் நோகுது எண்டியே, அதுவும் உண்மையோ?"

"ஓம்."

"அப்ப நீ இஞ்சால வா. நான் ஓட்டுறன். எனக்கு முதல்ல இருந்து சொல்லு. அந்தத் தோழி ஆர்?"

இருக்கை மாறினார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் மூன்று நிமிடத்தில் போய்விடக்கூடிய வீட்டுக்கு, அவர் தூரத்தில் உள்ள எப்சம் வழியாகச் சுற்றிப் போனார்.

ஆட்சேபணை தள்ளுபடியானாலும் விதிப்புத்தகம் சும்மா இருக்கவில்லை. ஆட்டக்காரரின் பெற்றோர் மைக் பிடிக்கக்கூடாது என்று அடுத்த வருடத்துக்கு ஒரு வரி சேர்த்தார்கள். சோதிலிங்கத்துக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நேரலையைப் பார்த்திருந்த ஒரு பள்ளி ஆசிரியை, புக்கெகோஹிக்கு அந்தப் பக்கம் உள்ள சின்னப் பள்ளி ஒன்றிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். அங்கே வசந்த காலத்தில் பிள்ளைகள் தாங்கள் வளர்க்கும் ஆட்டுக்குட்டிகளைப் போட்டிக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளை மைதானத்தின் ஒரு முனையில் நின்று கூப்பிட, மறுமுனையிலிருந்து குட்டி ஓடி வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு மதிப்பெண். அதற்கு வர்ணனை.

பிரணவிதான் அவரைக் கூட்டிப்போனாள். போகும் வழியெல்லாம் முழங்கால் சிரட்டையின் பின்பக்கத் தசைநார்களைப் பற்றி அவள் விளக்க, அவர் ஆளில்லாத நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டபடி வந்தார்.

முதல் குட்டியை அவிழ்த்துவிட்டார்கள். தூரத்தில் ஒரு சின்னப் பெண் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சோதிலிங்கம் மைக்கை எடுத்து, "இதோ புறப்பட்டுவிட்டார், நேராக வருகிறார், மெல்ல, மெல்ல," என்றார்.

குட்டி நடுவழியில் நின்றது. காதை ஆட்டியது. பிறகு சின்னப் பெண்ணை விட்டுவிட்டு ஸ்பீக்கரை நோக்கி ஓடி வந்தது. அதைப் பார்த்து, கயிற்றில் நின்ற மற்றக் குட்டிகளும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தன. சற்று நேரத்தில் மைக் மேசையைச் சுற்றி ஆட்டுக்குட்டிகள். ஒன்று மேசைக்குக் கீழே புகுந்து வயரை மெல்லத் தொடங்கியது.

"அப்பா, கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ," என்றாள் பிரணவி சிரிப்பை அடக்க முடியாமல்.

"எப்பிடி நிப்பாட்டுறது பிள்ளை," என்றார் சோதிலிங்கம், மைக்கை மூடாமலே. "இவையள் எவ்வளவு வடிவாக் கேக்கினம், பாரன்."